எண்பது என்று வைத்துக்கொள்வோம்

1.
இந்தக் கதையை எழுதவே கூடாதென்று என் மனைவி நஜ்லா மூன்று முறை சொன்னாள். நான்காவது முறை சொல்வதற்குள் எழுத உட்கார்ந்துவிட்டேன். கதை பிறந்த கதை அவ்வளவுதான்.

நஜ்லாவுக்கு முப்பத்தேழு வயது. எகிப்தின் இஸ்மாயிலியா நகரில் ஒரு மருந்துக்கடையில் வேலை. ஆறு வருடமாக, கடைக்குப் போகும் முன் விடியற்காலையில் பளு தூக்கப் போகிறாள். ஒரே குறி: எண்பது கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி நிற்க வேண்டும்.

(எண்பது பொய். உண்மையான எண் இன்னும் பெரியது. கண் பட்டுவிடும் என்று வீட்டில் யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. நீங்களும் துருவாதீர்கள்.)

2.
[வேறு தொடக்கம்: லட்சியம் என்பது மனிதனின்— வேண்டாம். தத்துவம் எனக்கு ஒத்துவராது.]

குறியைத் தினமும் கண்ணில் படும்படி எழுதி ஒட்டச் சொன்னார் பயிற்சியாளர். நஜ்லா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினாள். முலூக்கியா கீரைக் குழம்போடு வந்த அவள் அம்மா இன்ஷிராஹ் பார்த்துவிட்டார்.

“ஏண்டி, வர்றவ போறவ கண்ணெல்லாம் விழட்டும்னு விளம்பரம் ஒட்டியிருக்கியா?”

“நான் பாக்கணும்லம்மா!”

சமரசமாக, காகிதம் ஃபிரிட்ஜுக்கு உள்ளே, டர்னிப் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் போனது. அதைப் பார்ப்பதற்காகவே அவள் தினமும் ஊறுகாய் தின்றாள். [மிகை. ஆனால் ஜாடி சீக்கிரம் காலியானது நிஜம்.]

3.
போட்டிக்கான படிவத்தை நிரப்பியது நான். பொய் சொல்லிப் பழகிய கை, எண்பது என்றே எழுதிவிட்டது. அவளைப் புதியவர்கள் குழுவில் போட்டுவிட்டார்கள்.

“பேசாம எண்பதையே தூக்கிடு. அந்தக் கூட்டத்துல முதல் பரிசு உனக்குத்தான்,” என்றேன், சமாதானமாக.

“யோவ், ஆறு வருஷமா ஊருக்குப் பொய் சொன்னது போதாதா? அதை வேற நான் தலைக்கு மேல தூக்கணுமா?”

இன்று மேடையில் உண்மையான எடையையே கேட்டாள். கேட்ட எடையைக் குறைக்க விதியில் இடமில்லை. மூன்று வாய்ப்பு. இரண்டில் இரும்பு கீழே விழுந்துவிட்டது. மூன்றாவதும் போனால் அவள் பெயருக்கு எதிரே வெறும் கோடுதான்.

4.
இதையெல்லாம் அரங்கில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் மாமியார்.

முடிவு அ: நஜ்லா தூக்கிவி—

“மாப்ள, நடக்கறதுக்கு முன்னாடியே எழுதினா கண்ணு படாதா? அடிச்சிடுங்க அதை!”

முடிவு ஆ: நஜ்லாவால் முடியவி—

“நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?”

5.
இரண்டு முடிவும் உங்களிடமே இருக்கட்டும். பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், சத்தமாக மட்டும் சொல்லாதீர்கள்.

நஜ்லா கையில் வெள்ளைப் பொடியைத் தட்டிக்கொண்டு மேடை ஏறுகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது. ஆறு வருடம் அவள் எழுந்து போனபோதெல்லாம் நான் போர்வைக்குள் கிடந்தேன். இன்றைக்கும் முதல் இரண்டு முறை இந்த நோட்டில் தலையைக் கவிழ்த்திருந்தேன். இரும்பு விழுந்த சத்தம்தான் கேட்டது. அவள் தூக்கி நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

குனிந்துவிட்டாள். பேனாவை மூடுகிறேன்.