ஆளுக்கு முக்கால் மீட்டர்

கார்னிவல் திருவிழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, எங்கள் கும்பியா நடனக் குழுவின் தலைவர் எலியேசர் எட்டுப் பேரைக் கழற்றிவிட்டார். எங்கள் ஊர் பாரன்கீயாவில் மழை கொட்டினாலும் கார்னிவல் நிற்காது. இந்த மனுஷனின் கணக்கு அதை நிறுத்தப் பார்த்தது.

இடுப்புப் பட்டி தைக்கப் பன்னிரண்டு மீட்டர் சிவப்புத் துணி வந்திருந்தது. தையல்காரி நூரிஸ், "தலைவரே, ஆளுக்கு முக்கால் மீட்டர் போதும்" என்றாள். தலைவர் கண்ணை மூடி, உதட்டை அசைத்து, அருள் வந்தவர்போல் அறிவித்தார்:

"ஒன்பது பட்டிதான் வரும். பட்டி இல்லாம யாரும் ஊர்வலத்துல ஆடக்கூடாது. கடைசியா சேர்ந்த எட்டுப் பேரு ஒதுங்கிக்குங்க."

எல்லாருக்கும் கடைசியாகச் சேர்ந்தவள் நான், யாஜைரா. வருஷா வருஷம் நடைபாதையில் நின்று கைதட்டியே அலுத்துப்போனவள். இந்த முறை ஆடியே தீருவது என்று இருந்தேன். வந்த ஆத்திரத்தில் அவர் மீசையைப் பிடுங்கியிருப்பேன்.

"ஒவ்வொரு மீட்டரா வெட்டினாலே பன்னிரண்டு வரும். அதைவிடச் சின்னதா வெட்டினா ஒன்பதா?"

"நூரிஸ் 'போர்'னு சொன்னாளா இல்லையா? போர்னா பெருக்கணும். பன்னிரண்டு போர் முக்கால், ஒன்பது. நீ பள்ளிக்கூடத்துல தூங்கினதுக்கு நான் என்னம்மா பண்ணட்டும்?"

வினை அங்கேதான். எங்கள் ஸ்பானிஷில் பெருக்கலுக்கும் 'போர்', 'ஆளுக்கு இவ்வளவு' என்பதற்கும் 'போர்'. காதில் விழுந்ததும் மனுஷன் பெருக்கிவிட்டார். நானும் போருக்குத் தயாரானேன். சாக்பீஸை எடுத்துச் சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன்.

"எத்தனை ஆளுன்னு தெரியாது. அதை 'எ'ன்னு வச்சுக்குவோம். எ × ¾ = 12."

"தெரியாததைப் போய்ப் பெருக்குறா பாரு!"

"தெரிஞ்சதைப் பெருக்கித்தானே நீங்க கெடுத்தீங்க? எ-வைக் கண்டுபிடிக்க வகுக்கணும். 12 ÷ ¾. மூணு மீட்டருக்கு நாலு பட்டி. பன்னிரண்டுக்குப் பதினாறு!"

நூரிஸ் துணியை மடித்துப் பார்த்தாள். பதினாறேதான். கழற்றிவிடப்பட்டவர்கள் விசிலடித்தார்கள். தலைவர் மட்டும் நிதானமாகத் தலைகளை எண்ணினார். மீசைக்குள் சிரிப்பு வந்தது.

"என்னோட சேர்த்துப் பதினேழு. கடைசியா சேர்ந்தது யாரு?"

நான் காப்பாற்றிய ஏழு பேரும்தான் முதலில் என் பக்கம் திரும்பினார்கள். நன்றிகெட்ட ஜென்மங்கள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேனே என்று தரையில் இருந்த சமன்பாட்டை முறைத்தேன். அந்த முக்கால் என்னைத் திரும்ப முறைத்தது.

"தலைவரே, இந்த முக்கால் உங்களுக்கும் சேர்த்துத்தானா?"

நூரிஸுக்குச் சட்டென்று புரிந்தது. டேப்பை அவர் தொப்பையைச் சுற்றிப் போட்டாள். அவர் மூச்சை உள்ளே இழுத்து, முகம் சிவக்க நின்றார். மூச்சை அடக்கி எவ்வளவு நேரம்தான் இருப்பார்? மூச்சை விட்டதும் டேப் நூரிஸின் விரல்களுக்கிடையே வழுக்கி நீண்டது.

"ஒண்ணேகால்" என்றாள் நூரிஸ். "உங்களுக்கு ஒரு பட்டி தைக்கணும்னா ரெண்டு பேரைத் துரத்தணும் தலைவரே. நீங்க ஒதுங்கிட்டா மிச்சப் பதினாறு பேருக்கும் கச்சிதம்."

பட்டி இல்லாமல் யாரும் ஆடக்கூடாது என்று சட்டம் போட்டவரே, சனிக்கிழமை ஊர்வலத்தில் தண்ணீர்க் கேனைச் சுமந்தபடி பக்கத்திலேயே நடந்து வந்தார். பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் என் இடத்தை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை; ஆசை தீர ஆடினேன்.

தண்ணீர் ஊற்றும்போது மெதுவாகக் கேட்டார்: "அடுத்த வருஷம் பதினேழு பேருக்கும் வேணும்னா எத்தனை மீட்டர் வாங்கணும்?"

"இப்பப் பெருக்குங்க தலைவரே, உங்க தொப்பையை மட்டும் தனியாக் கூட்டிக்குங்க" என்றேன்.