பை தூக்க வந்த அண்ணன்

ஜோன்சன் டில்ஷாவின் கோல்ஃப் பையைத் தூக்கச் சம்மதித்தது அவனுடைய அப்பா சொன்னதால்தான். அதை அவன் மெல்பேர்ன் விமான நிலையத்திலேயே அவளிடம் சொல்லிவிட்டான்.

"நானா விரும்பி வரவில்லை. ஒரு கிழமைதான். பிறகு நீ யாரோ நான் யாரோ," என்றான் ஆங்கிலத்தில். அவன் வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலம்தான் பேசுவான்.

டில்ஷாவுக்கு இருபத்திரண்டு வயது. டென்மார்க்கில் ஹேர்னிங் என்ற நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். பெற்றோர் மன்னாரிலிருந்து போனவர்கள். வீட்டுக்குப் பின்னால் இருந்த கோல்ஃப் திடலில் பந்து பொறுக்கத் தொடங்கி, நாட்டின் இளையோர் அணியில் ஆடி, போன குளிர்காலத்தில் தொழில்முறை ஆட்டக்காரி ஆனாள். அதன்பின் ஐரோப்பாவில் நான்கு போட்டிகள். மூன்றில் இரண்டாம் நாளே அவளைப் போட்டியிலிருந்து கழித்துவிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் இரண்டு போட்டிகளுக்கு இடம் கிடைத்ததும், "பெரியப்பா வீடு இருக்கேக்க ஹோட்டல் ஏன்?" என்று அவளுடைய அப்பா சொல்லிவிட்டார்.

ஜோன்சனின் அப்பாவான பெரியப்பா வலன்ரைன் மெல்பேர்னில் ஸ்பிரிங்வேலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் அவளை மாதா கோயில் வாசலில் நிறுத்தி வைத்து, போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார்.

"என்ர தம்பியின்ர மகள். டென்மார்க் சாம்பியன். ரீவியில காட்டுவாங்கள்."

"சாம்பியன் இல்லை, பெரியப்பா," என்றாள் டில்ஷா. அவர் காதில் அது விழவில்லை.

கூட்டத்தில் ஒருவர் ஜோன்சனைப் பார்த்து, "தம்பியும் முந்தி விளையாடினவர் எல்லோ?" என்று கேட்டார்.

"அது சும்மா பள்ளிக்கூட விளையாட்டு," என்று வலன்ரைன் அவருக்குப் பதில் சொன்னார்.

ஜோன்சன் போய்க் காருக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தினான். டில்ஷா அதைக் கவனித்தாள். கேட்கத் துணியவில்லை.

போட்டி வியாழக்கிழமை தொடங்கியது. டில்ஷா கேட்ட கேள்விக்கு மட்டும் ஜோன்சன் பதில் சொன்னான். எவ்வளவு தூரம் என்று கேட்டால் தூரம். எந்தப் பக்கம் சரிவு என்று கேட்டால் பக்கம். நல்ல அடி விழுந்தாலும் அவன் முகம் அசையவில்லை. அவளோடு சேர்ந்து ஆடிய கர்ஸ்டி என்ற அவுஸ்திரேலியப் பெண், "உனக்கு இவன் என்ன காவலா?" என்று கேட்டுச் சிரித்தாள். டில்ஷா அன்று நன்றாகவே ஆடினாள்.

வெள்ளிக்கிழமை வடக்கிலிருந்து அனல்காற்று வீசியது. வலன்ரைன் கோயில் ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவள் அடிக்கக் குனியும்போது கை தட்டினார்கள். கர்ஸ்டி இரண்டு முறை திரும்பி முறைத்தாள். அன்றைய ஆட்டத்தோடு பாதிப் பேரைக் கழித்துவிடுவார்கள். பதினாறாவது குழிக்கு வரும்போது டில்ஷா உள்ளே இருப்பவர்களில் கடைசியாகத் தொற்றிக்கொண்டிருந்தாள். இனி ஓர் அடியையும் வீணாக்க முடியாது.

"காற்று?" என்று கேட்டாள்.

"பின்னாலிருந்து. எட்டாம் நம்பர் மட்டை போதும்," என்றான் ஜோன்சன்.

மட்டையில் பந்து சுத்தமாகப் பட்டது. மேலே ஏறிய பந்து பாதி வழியில் எதிலோ முட்டியதுபோல நின்றது. அதே கணம் டில்ஷாவின் முகத்தில் குளிர்ந்த காற்று அறைந்தது. தெற்கிலிருந்து வந்த காற்று. பந்து கொடிக்கு வெகு முன்னால் ஆழமான மணற்குழிக்குள் செத்து விழுந்தது.

அவள் திரும்பிப் பார்த்தபோது, கர்ஸ்டியின் கையில் ஏற்கெனவே எதிர்காற்றுக்கு ஏற்ற, டில்ஷாவுடையதைவிடப் பெரிய மட்டை இருந்தது.

மணலிலிருந்து வெளியே வர டில்ஷாவுக்கு இரண்டு அடி வேண்டியிருந்தது. அந்தக் குழியை முடித்து வந்து ஜோன்சனுக்கு முன்னால் நின்றாள்.

"காற்று மாறப்போகுதெண்டு அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்களுக்கும் தெரியுமா, அண்ணா?"

"இங்கே வளர்ந்த எவனுக்கும் தெரியும். தெற்குப் பக்கத்து மரங்கள் மறுபக்கம் சாயத் தொடங்கியிருந்தன."

"பிறகேன் சொல்லேல்ல?"

"இப்போது என்ன காற்று என்று கேட்டாய். அப்போது இருந்த காற்றைச் சொன்னேன்."

அவள் பையின் வாரைப் பிடித்தாள். "பையைக் கீழ வையுங்கோ."

அவன் வைக்கவில்லை. முதன்முறையாகத் தமிழில் பேசினான். வேகமாக, பல்லைக் கடித்துக்கொண்டு. "எனக்குப் பதினாறு வயசில ஸ்டேட் அணியில இடம் கிடைச்சது. படிப்புக் கெட்டுப்போமெண்டு அந்த மனுசன் என்ர மட்டையெல்லாத்தையும் ஆருக்கோ தூக்கிக் குடுத்துப்போட்டார். இப்ப உன்னைக் கோயில் கோயிலாக் கொண்டுபோய்க் காட்டுறார். நான் உனக்குப் பை தூக்கவேணுமாம்."

"அது உங்கட அப்பா செய்த வேலை. நான் செய்யேல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் செய்தனீங்கள்."

அவன் பையைப் புல்லில் போட்டுவிட்டு, பார்வையாளர் கயிற்றைத் தாண்டி, கோயில் ஆட்களின் நடுவால் விறுவிறுவென்று நடந்து போனான்.

டில்ஷா அந்தப் பெரிய பையைத் தானே தோளில் ஏற்றினாள். வார் கழுத்தை அறுத்தது. அவள் பின்தங்கியதும் கர்ஸ்டி நடுவரை அழைத்து, "இவள் எல்லாரையும் தாமதப்படுத்துகிறாள்," என்றாள். நடுவர் வந்து எச்சரித்தார். கயிற்றோரம் வலன்ரைன் கூடவே நடந்துவந்து, "பிள்ளை, அவனைக் கூப்பிடு! சனம் பாக்குது!" என்று தாழ்ந்த குரலில் சீறினார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

பதினாறாவதில் இழந்ததில் ஓர் அடியைப் பதினேழாவதில் மீட்டாள். கடைசிக் குழியில் ஒரே அடியில் பந்தை உள்ளே தள்ளினால் பிழைக்கலாம். பந்து விளிம்பைச் சுற்றி வந்து வெளியிலேயே நின்றுவிட்டது. ஓர் அடி வித்தியாசத்தில் அவளைக் கழித்துவிட்டார்கள்.

வீட்டு வாசலைத் தாண்டியதும் வலன்ரைன் தொடங்கினார்.

"அத்தனை சனத்துக்கு முன்னால என்ர மகனைத் துரத்திவிட்டு, கூலிக்காரி மாதிரிப் பையைக் காவிக்கொண்டு நடக்கிறாய். என்ர மரியாதை என்னத்துக்காகுறது?"

"அவர் வேணுமெண்டு என்னை விழுத்தினவர், பெரியப்பா."

"அவன் அப்பிடிச் செய்யமாட்டான்."

"செய்தவர். ஏனெண்டு உங்களுக்குத் தெரியாதே? நீங்கள் அவரை விளையாட விட்டிருந்தால் இண்டைக்கு அவர் என்ர பையைத் தூக்கவேண்டி வந்திராது. சொந்த மகன்ர மட்டையைப் பறிச்சுப்போட்டு, என்னை வைச்சுப் பெருமை பேசுறியள்."

குசினி வாசலில் நின்ற பேர்ள் பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். வலன்ரைன் கதிரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஜோன்சன் தன் அறையிலிருந்து வெளியே வந்தான். தன் பக்கம் நின்று பேசியதற்கு அவன் ஏதாவது சொல்வான் என்று ஒரு கணம் டில்ஷா நினைத்தாள்.

"அது நான் சொல்லவேண்டினது," என்றான். "பத்து வருசமா வாய்க்குள்ள வைச்சிருந்தது. அதையும் நீ எடுத்துப்போட்டாய்."

டில்ஷா உடுப்புப் பெட்டியை அடுக்கினாள். பேர்ள் பெரியம்மா கதவு வரைக்கும் வந்தாள். கண் சிவந்திருந்தது.

"நீ சொன்னது பொய்யெண்டு நான் சொல்லமாட்டன். ஆனா இனி இவை ரெண்டு பேரோடையும் இந்த வீட்டுக்குள்ள நான்தான் இருக்கவேணும். நீ இனி இஞ்ச வராத, பிள்ளை."

"போட்டு வாறன்" என்று சொல்ல வாய் வந்தது. டில்ஷா அதை விழுங்கிக்கொண்டு வாடகைக் காரில் ஏறினாள்.

சிட்னியில் பரமட்டா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்தாள். அடுத்த போட்டியில் பையை இழுவண்டியில் கட்டித் தானே இழுத்தாள். காற்றைத் தானே பார்த்தாள். இரண்டு இடங்களில் பிழையாகவும் பார்த்தாள். முதல் நாள் அறிவிப்பாளர் அவள் பெயரைக் கடித்துக் குதறி, "டென்மார்க்" என்றதும், முன்வரிசையில் ஒருவன் அவளை மேலும் கீழும் பார்த்து, "டென்மார்க்கா?" என்று சத்தமாகச் சிரித்தான். அவனைப் பார்த்தபடியே கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு அடித்தாள். அந்த முறை அவளைக் கழிக்கவில்லை. நான்கு நாளும் ஆடி முப்பத்தொன்றாவதாக முடித்தாள். வெற்றி என்று ஒருவரும் சொல்லமாட்டார்கள். ஆனால் தொழிலுக்கு வந்தபின் அவள் கடைசி நாள்வரை நின்ற இரண்டாவது போட்டி அது.

மறுநாள் ஹேர்னிங்கிலிருந்து அப்பா போன் எடுத்தார். முப்பத்தொன்றைப் பற்றிக் கேட்கவில்லை.

"பெரியப்பாவுக்கு எடுத்து மன்னிப்புக் கேள். அவர் எனக்கு மூத்தவர்."

"மாட்டன், அப்பா."

"டில்ஷா!"

"ஜோன்சன் அண்ணாட்டக் கேட்டனான். அவருக்கு மெசேஜ் போட்டனான். அவருக்குத்தான் நான் பிழை விட்டது."

"அவன் என்ன சொன்னவன்?"

"பாத்தவர். பதில் போடேல்ல."

அப்பா, "அப்ப இனி அந்த வீட்டோட எங்களுக்குக் கதை பேச்சு இல்லை எண்டுறாய்," என்றார். அவள் அதை மறுக்கவில்லை. அவர் போனை வைத்துவிட்டார். டில்ஷா மட்டைகளில் காய்ந்திருந்த மண்ணைச் சுரண்டிக் கழுவி, ஒவ்வொன்றாகத் துடைத்துப் பைக்குள் இறக்கினாள்.