பதினோரு நாள்

பள்ளிவாசலின் பின்னறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒன்றில் மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் ஹஜ்ரத், எதிரே லிஃப்ட் மெக்கானிக், சற்றுத் தள்ளி அவன் மனைவி தையல்காரி. மெக்கானிக்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"நான் அப்ப போதையில இருந்தேன் ஹஜ்ரத். மாத்திரை போட்டிருந்தேன். என்ன சொன்னேன்னே எனக்குத் தெரியாது."

தையல்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு வருஷமாக இதே வாய் என்ன பேச்சுப் பேசியது! லிஃப்ட் குழிக்குள் விழுந்து முதுகு போனபோது டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை. வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. "நான் என்ன குடிகாரனா? மருந்து எப்படி ஹராமாகும்?" என்று சட்டம் பேசுவான். கண் சொருக, நாக்குக் குழற, "சத்தியமா ஒண்ணும் போடல" என்று துஆ கேட்பதுபோல இரண்டு கையையும் ஏந்துவான். அவள் மட்டும் என்ன, சளைத்தவளா? "அவருக்கு வேலை அலுப்பு" என்று சொல்லிச் சொல்லியே ஊர் வாயை அடைத்துவந்தாள்.

போன மாதம்தான் மனிதன் ஒரு வழிக்கு வந்தான். இருந்த மாத்திரைகளையெல்லாம் அவள் கையிலேயே ஒப்படைத்தான். டாக்டர் சொன்னபடி குறைத்துக் குறைத்துக் கொடுத்து, ஒருநாள் அடியோடு நிறுத்தினாள். பதினோரு நாள் தாங்கினான். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, போர்வையைக் கடித்துக்கொண்டு கிடந்தான். பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்தவன், ஒன்றே ஒன்று கொடு என்று கெஞ்சினான். பிறகு வைதான். அவள் மிச்சமிருந்ததைக் கழிவறையில் கொட்டித் தண்ணீரை ஊற்றினாள். நேருக்கு நேர் அவள் முகத்தைப் பார்த்து, ஓரெழுத்துக் குழறாமல், தலாக் சொன்னான்.

அது மூன்றாவது. முந்தைய இரண்டும் கல்யாணமான புதிதில், மாத்திரை வீட்டுக்குள் நுழையும் முன், வாய்க்கொழுப்பில் சொன்னவை. இரண்டு தடவையும் மீண்டும் சேர்ந்துகொண்டார்கள். மூன்றாவதற்கு அந்த வழி கிடையாது.

ஹஜ்ரத் தாடியைத் தடவினார். "புத்தி தன் வசத்துல இல்லாதவன் சொன்னா தலாக் செல்லாதுன்னு சொன்ன இமாம்கள் இருக்காங்க. நானும் அதையே எடுத்துக்கறேன். ஆனா கூட இருந்தது நீ மட்டும்தாம்மா. அல்லாஹ்வுக்குப் பயந்து சொல்லு. அன்னைக்கு இவர் எப்படி இருந்தார்?"

"சொல்லு" என்றான் மெக்கானிக். "நம்ம புள்ளய நெனச்சுச் சொல்லு."

ஒரு தலையாட்டல் போதும். இவனோடேயே வீட்டுக்குத் திரும்பிவிடலாம். அவளுக்கும் அதுதான் வேண்டியிருந்தது, பாழாய்ப்போன மனசு. எத்தனையோ பொய் சொன்னவள், இன்னொன்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? ஆனால் அவையெல்லாம் ஊருக்குச் சொன்ன பொய். இதைச் சொல்லிவிட்டு தினமும் தொழுகைப்பாயில் போய் நிற்க வேண்டும், தினமும் ஹராமென்று தெரிந்தே இவன் பக்கத்தில் படுக்க வேண்டும். போதாததற்கு, பட்ட பாடெல்லாம் பட்டுத் தாங்கிய பதினோரு நாளை இவனே இல்லையென்று ஆக்குகிறானே! அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"தெளிவாத்தான் இருந்தாரு ஹஜ்ரத். பதினோரு நாளா ஒண்ணுகூடப் போடல. ரொம்பக் கஷ்டப்பட்டுத்தான் இருந்தாரு."

ஹஜ்ரத் தரையைப் பார்த்தார். மெக்கானிக்கின் முகம் சிறுபிள்ளையைப் போலக் கோணியது. "ஏண்டி..." என்று எழுந்துவந்து அவள் தோளைத் தொடப் போனான்.

அவள் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள். ஒன்பது வருஷம் அவன் முன்னால் மூடாத தலையில் துப்பட்டாவை நெற்றிவரை இழுத்து, காதோரத்து முடியையும் உள்ளே தள்ளி மூடிக்கொண்டாள்.