நாலுக்கு ஒன்று

மோடம் ஓடும்போது எங்கள் வீட்டில் மிக்ஸி போடக் கூடாது, கதவைத் திறக்கக் கூடாது, அக்கம்பக்கத்தார் போன் பேச வந்து தட்டினால் குரல் கொடுக்கக் கூடாது. எல்லாம் என் வீட்டுக்காரர் தினகரன் போட்ட சட்டம். டீ ஃபேக்டரியில் இலை நிறுக்கிற இடத்தில் இருபது வருஷம் சட்டம் பேசியவர். ஃபேக்டரியை மூடிய பிறகு அவர் சட்டத்துக்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

எங்கள் மலையூர் கட்டபெட்டில் அப்போது பச்சைத் தேயிலைக்கு விலையே இல்லை. பறிகூலிக்குக்கூடக் கட்டாது என்று தோட்டக்காரர்கள் இலையைச் செடியிலேயே விட்டுவிட்டார்கள். எங்கள் வரிசையில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் திருப்பூர் போய்விட்டார்கள். நாங்களும் போயிருக்க வேண்டியது. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் அடிக்க, வீட்டிலிருந்தே வேலை செய்யும் ஆட்களைக் கோயமுத்தூர் ஆபீஸ் ஒன்று தேடியது. எனக்கு இங்கிலீஷும் டைப்பிங்கும் வரும். வீட்டில் போன் இருந்தது. பழைய கம்ப்யூட்டர் ஒன்றையும் வாங்கிப் போட்டோம். அன்றைக்குத்தான் முதல் வேலை. மத்தியானம் இரண்டு மணிக்குள் அடித்து அனுப்பினால் வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் எங்கள் வீட்டுக்கும் பூட்டு.

எட்டு மணிக்கு இறக்க ஆரம்பித்தோம். ஐம்பது எம்.பி., எல்லாப் பதிவும் ஒரே கட்டாக. முழுசும் வந்து சேராமல் ஒன்றையும் திறக்க முடியாது. நடுவில் லைன் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து வர வேண்டும். பத்து மணிக்கு முடிந்துவிடும் என்று ஆபீஸில் வாக்குக் கொடுத்தவர் இவர்தான்.

பத்து மணிக்குப் பார்த்தால் பாதிதான் வந்திருந்தது.

இன்றைக்கு லைன் மந்தம் என்றார். மந்தமாவது ஒன்றாவது. நொடிக்கு 28,800 பிட் என்று காலையில் காட்டிய அதே வேகம்தான் திரையில் இருந்தது. பத்து மணி என்று எப்படிக் கணக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். இதுகூடத் தெரியாதா என்கிற முகத்தோடு விளக்கினார். லைனில் ஓடுவது பிட்டாம், கம்ப்யூட்டரில் சேருவது பைட்டாம். பிட் பச்சை இலை, பைட் டீத்தூள். நாலு கிலோ இலைக்கு ஒரு கிலோ தூள், ஆகவே நாலால் வகுத்திருக்கிறார்.

சிரிப்பு வந்திருக்க வேண்டும். மணியைத்தான் பார்த்தேன்.

"ஏனுங்க, எட்டு பிட்டு சேந்தாத்தானுங்க ஒரு பைட்டு."

"எட்டா? மழையில நனைஞ்ச எலைக்கே அஞ்சுக்கு மேல போவாது," என்றார்.

இத்தனை வருஷம் அந்தக் கணக்கில்தான் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது. அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை. முழுசும் வந்து சேரப் பன்னிரண்டு ஆகும். மிச்சமிருக்கும் இரண்டு மணி நேரத்தில் நான் எவ்வளவு வேகமாக அடித்தாலும் பாதிக்கு மேல் முடியாது. ஆபீஸைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடலாம் என்றேன். எதில் கூப்பிடுவாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். இருப்பது ஒரே போன் லைன், அதில்தான் அந்த ஐம்பது எம்.பி. வந்துகொண்டிருந்தது. பேச வேண்டுமென்றால் அறுக்க வேண்டும், அறுத்தால் வந்த பாதியும் போய்விடும். எஸ்.டி.டி. கடைக்குப் போய்ப் பேசுகிறேன் என்று எழுந்தேன். பாதிதான் முடியும் என்று நம் வாயாலேயே சொன்னால் இன்றைக்கே கழற்றி விட்டுவிடுவார்கள் என்று கதவுக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

ஜன்னல் முழுக்க மூடுபனி. திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. நான் அடிக்கவும் ஒன்றுமில்லை, எழுந்து போகவும் இடமில்லை. இந்த அறையிலேயே என் ஆயுசு முடிந்துவிடும் போலிருந்தது. பதினொன்று அடித்ததும் மோடத்தின் வயரைப் பிடுங்கி, போனில் ஆபீஸ் நம்பரை அழுத்தினேன்.

அவர் ஓடி வருவதற்குள் ஆபீஸில் மணி அடித்துவிட்டது. எடுத்தது யூனிஸ் மேடம், எங்கள் வேலைக்குப் பொறுப்பானவர். நான் எட்டு, நாலு என்று ஆரம்பிப்பதற்குள் அவரே பேசினார்.

"காலையில இருந்து கூப்பிடறேன், உங்க லைன் எங்கேஜ்டாவே இருக்குங்க. முதல் நாள்தானே, பாதி அடிச்சா போதும்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். பதில் இல்லாததால இப்பத்தான் ஈரோட்டு ஆளுக்குக் குடுத்தேன்."

அவ்வளவுதான், முடிந்தது. போனை வைத்துவிடலாம் என்று கை இறங்கும்போது அவர் தொடர்ந்தார். வேலைக்கு எடுக்கும்போது நான் அடித்துக் காட்டியது அவருக்குப் பிடித்திருந்ததாம். மலை லைனை நம்பி வேலை கொடுக்க முடியாதாம். ஆபீஸுக்கு ஃபைபர் லைன் இழுத்திருக்கிறார்கள், எங்களுக்கு நாலு மணி நேரம் ஆவது அங்கே மூன்றரை நிமிஷத்தில் வந்துவிடும். சீட் ஒன்று காலி, லேடீஸ் ஹாஸ்டலும் உண்டு. திங்கட்கிழமை வர முடியுமா என்று கேட்டார்.

இவர் ரிசீவரோடு காதை ஒட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கம்ப்யூட்டர், லைன், சட்டம், அத்தனையும் நாங்கள் வீட்டைப் பூட்டாமல், பிரியாமல் இருக்கத்தான். வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்வதுதான் முறை.

"வர்றேங்க," என்றேன்.

போனை வைத்தேன். அவர் மெதுவாக, "அப்ப நானு?" என்று கேட்டார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் முகத்தைப் பார்த்த பிறகும் அது குறையவில்லை. திங்கட்கிழமை முதல் பஸ் எத்தனை மணிக்கு என்று அவரிடம் கேட்டேன்.