ரோசமெல்லின் பாதி

எதெல்மிரா சிலி நாட்டில் எங்கள் பெத்தோர்கா பக்கம் குடிவந்தபோது அவளுடைய அவகாடோ மரங்கள் பச்சையாகத்தான் இருந்தன. விற்றவன் கடைசியாக ஒருமுறை நன்றாகப் பாய்ச்சிவிட்டுப் போயிருந்தான். வால்பராய்சோ நகரத்தில் இருந்த வீட்டை விற்று வாங்கிய தோட்டம் அது. புருஷன் வடக்கே சுரங்கத்தில் லாரி ஓட்டினான். எப்போதாவதுதான் வருவான்.

தண்ணீர் ஏன் வரவில்லை என்று கேட்க வாய்க்கால் சங்கத் தலைவர் எலியேசரிடம் போனாள்.

"சென்யோரா, நிலத்த வாங்கினீங்க, சரி. தண்ணிய வாங்கினீங்களா?"

"நிலத்தோட தண்ணி வராதா?"

"நிலத்துக்கு ஒரு பத்திரம், தண்ணிக்கு ஒரு பத்திரம். அந்த ஆளு தண்ணிய மேல இருக்கிற கம்பெனிக்குத் தனியா வித்துட்டானே!"

தண்ணீர்ப் பங்கு விலைக்குக் கிடைக்குமா என்று வீடு வீடாகப் போய்க் கேட்டாள். மழையே இல்லாத வருஷத்தில் யார் பங்கை விற்பார்கள்? காபி கொடுத்து அனுப்பினார்கள். விற்கிறேன் என்று சொன்னவர் பெரியவர் ரோசமெல் ஒருவர்தான். கியோத்தா டவுனில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிட மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"ஒண்ண மட்டும் சொல்லிடறேன்மா. பாதிதான் என்னோடது. எங்கம்மா ஒரே பங்க ரெண்டு பேருக்கும் பொதுவா விட்டுட்டுப் போயிட்டா. மிச்சம் என் தங்கச்சி சுனில்தாவோடது."

"அவங்க எப்படி?"

"உங்ககூட அவளுக்கு என்ன சண்டை?" என்றார், மூட்டையின் முடிச்சைப் பார்த்தபடி.

நோட்டரியிடம் கையெழுத்துப் போட்ட கையோடு அவர் பஸ் ஏறிவிட்டார்.

அந்தப் பங்குக்குத் தண்ணீர் விடும் முறை வியாழக்கிழமை. எதெல்மிரா மண்வெட்டியோடு மடைக்குப் போனாள். மடைப் பலகையில் பூட்டுத் தொங்கியது. பக்கத்தில் ஒரு கல்லின் மேல் சுனில்தா உட்கார்ந்திருந்தாள். அறுபது தாண்டிய, ஒல்லியான பெண். சாவி அவள் கழுத்தில். தண்ணீர் முழுவதும் அவள் வால்நட் மரங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"நான் எதெல்மிரா. உங்கண்ணன் பாதிய வாங்கினவ."

"எனக்கு அண்ணன் கிடையாது."

அன்று சொட்டுத் தண்ணீர்கூட இந்தப் பக்கம் வரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. எலியேசர் கையை விரித்தார். "ஒரே பங்குக்குள்ள நடக்கிற சண்டையில சங்கம் தலையிட முடியாதும்மா. நீங்களே பேசித் தீத்துக்குங்க." கோர்ட்டுக்குப் போனால் வருஷக்கணக்காகும் என்றார் வக்கீல். அதற்குள் மரம் விறகாகிவிடும். புருஷன் போனில், "வித்துட்டு வந்துடு" என்றான்.

"யாரு வாங்குவா? போறதுக்கு நமக்கு வீடு எங்க இருக்கு?" என்றாள்.

இலைகள் ஓரத்தில் கருக ஆரம்பித்தன. காலையில் சன்னலைத் திறக்கவே அவளுக்குப் பயமாக இருந்தது.

மறுபடி ஒரு வியாழன். எதெல்மிரா மண்வெட்டி எடுத்துப் போகவில்லை. சும்மா போய் சுனில்தாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். வெயில் ஏறியது. சுனில்தா திடீரென்று மடையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அம்மாவப் பொதைக்கிற அன்னிக்கி நீ தண்ணி பாய்ச்சிக்கிட்டு இருந்தடா."

எதெல்மிரா திரும்பிப் பார்த்தாள். அங்கே வேறு யாரும் இல்லை.

"ஊரே கல்லறைக்கு வந்துச்சு. பாதிரியார் உனக்காகக் காத்துக்கிட்டு நின்னார். நீ வரல. முறை போயிடும்னு இங்க மண்வெட்டியோட நின்ன."

நான் ரோசமெல் இல்லை என்று சொல்ல எதெல்மிரா வாயைத் திறந்தாள். சுனில்தாவின் கை கழுத்துச் சாவியை இறுக்கிப் பிடித்திருந்தது.

"வந்திருக்கணும்" என்றாள் எதெல்மிரா. "தப்புதான். மன்னிச்சுடு."

சுனில்தா முகத்தை மேல்துண்டில் புதைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து பூட்டைத் திறந்து பலகையைத் தூக்கினாள். தண்ணீர் இந்தப் பக்கம் திரும்பியது. எதெல்மிரா வெறுங்கையால் மண்ணைத் தள்ளி வழி செய்துகொண்டே ஓடினாள்.

மரங்கள் பிழைத்தன. ஆனால் அந்த ஒரு மன்னிப்போடு விஷயம் முடியவில்லை. வியாழன்தோறும் சுனில்தா புதிதாக ஏதாவது கேட்டாள். பதில் வந்தால்தான் பூட்டுத் திறந்தது. மற்ற நாட்களில் கடைத்தெருவில் பார்த்தால், "நல்லா இருக்கீங்களா, சென்யோரா?" என்று மரியாதையாகக் கேட்டுவிட்டுப் போவாள். கியோத்தாவுக்குப் போன் போட்டால் ரோசமெல் எடுப்பதில்லை. அந்த வீட்டுப் பழைய கதைகளை எதெல்மிரா எங்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். நாங்களும் தெரிந்ததைச் சொன்னோம். எங்களுக்கும் எல்லாம் தெரியாதே.

போன வாரம் சுனில்தா கேட்டாளாம்: "அப்பாவோட குதிரைய ஏன்டா வித்த?"

அப்படி ஒரு குதிரை இருந்ததே எங்கள் யாருக்கும் தெரியாது. எதெல்மிரா மடையைப் பார்த்தாள், கருகிய இலைகள் இன்னும் உதிராமல் நிற்கும் தன் மரங்களைப் பார்த்தாள்.

"வேற வழி தெரியல" என்றாளாம்.

சுனில்தா கழுத்திலிருந்து சாவியைக் கழற்றினாளாம். பிறகு, "அத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?" என்று பூட்டைத் திறந்திருக்கிறாள்.