மிச்ச மின்சாரம்

கதவை மூடிவிட்டு மருத்துவமனை ஆலோசகர் தன் நாற்காலியைக் கணவன் மனைவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள். சின்னப் பெண். மேசைமேல் ஒரு களிம்புக் குழாயும், சிறிதிலிருந்து பெரிதாகப் போகும் வழவழப்பான குழல்களும் இருந்தன. கருப்பைவாய்ப் புற்றுக்குக் கதிர் சிகிச்சை எடுத்தால் உள்ளே உலர்ந்து குறுகிவிடும், சேரும்போது வலிக்கும், இவற்றை வைத்து மெல்லப் பழக்கலாம் என்று சமையல் குறிப்பு போலச் சொன்னாள். மனைவி தலையாட்டினாள். வலிக்கு வழி இருப்பது நிம்மதிதான். ஆனால் அவள் மனதை அரித்தது வேறு. சிகிச்சை முடிந்த நாளிலிருந்து கணவர் கூடத்தில் படுக்கிறார். தண்ணீர் கேட்டால் மேசையில் வைத்துவிட்டு நகர்கிறார், கையில் தருவதில்லை.

"அண்ணா, நீங்க ஏதாவது கேக்கணுமா?"

அவர் ஏசி, ஃப்ரிட்ஜ் பழுதுபார்ப்பவர். போகிற வீடெல்லாம் வாயடிப்பவர், இங்கே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கதிர் உள்ள எவ்வளவு நாளும்மா தங்கும்?"

"வெளியிலருந்து குடுத்ததுண்ணா. மெஷின நிறுத்தினா அதோட சரி. தங்காது. ஏன்?"

"ஏசில ஒயரப் புடுங்கினாலும் கெப்பாசிட்டர்ல கரண்ட் நிக்கும். தொட்டா தூக்கி அடிக்கும். அது மாதிரியோன்னு... எனக்கும் பயந்தான். அதவிட, நான் தொட்டு அவளுக்கு ஏதாவது ஆயிட்டா?"

மனைவி அவரையே பார்த்தாள்.

"ஏங்க, இத்தன மாசமா நான் கெப்பாசிட்டரா?"

ஆலோசகர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"வாயத் தொறந்து கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

"கேட்டா சிரிப்ப."

"என்ன அசிங்கமா நெனைக்கிறீங்கன்னு இருந்தேன்." சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குக் குரல் உடைந்தது.

"உன்னையா?" என்றார்.

முதல் வாரம் தொடுவது மட்டும் போதும் என்றாள் ஆலோசகர். முதுகு, தோள், கை. "வேணாம்னு தோணினா அக்கா சொல்லணும், அண்ணா நிறுத்தணும்."

"அவ்வளவுதானா?" என்றார் கணவர்.

"அதுவே கஷ்டமா இருக்கும், பாருங்க."

வீட்டுக்கு வந்தபோது மத்தியானம். அவள் திரைச்சீலையை இழுத்துவிட்டு, குப்புறப் படுத்து, பின்கழுத்திலிருந்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். வீட்டின் பின்பக்கக் குழாயில் அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். மெஷின் எண்ணெய் நகக்கண்ணை விட்டு லேசில் போகாது. குழாய் நின்றது. அவள் காத்திருந்தாள். சோப்புப் பெட்டி இன்னொரு தடவை திறக்கும் சத்தம் கேட்டது.

தலையணையில் முகம் புதைத்துச் சிரித்தாள். குழாய் மறுபடி திறந்தது.