பிரீமியம் கட்டியது யார்

"பிரீமியத்தை யார் கட்டினாங்க?" என்று கேட்டார் வரி ஆலோசகர்.

செயலாளருக்குக் கேள்வி பிடித்திருந்தது. பாட்டில் தொழிற்சாலையில் பல வருஷமாகச் சங்கச் செயலாளராக இருப்பவர். மார்தட்டிக்கொள்ள அவருக்கு வாய்த்ததிலேயே பெரிய விஷயம் அந்தப் பிரீமியம்தான்.

"கம்பெனிதான் சார். ஊனக் காப்பீட்டுக்கு எங்க ஆளுங்க சம்பளத்துல ஒரு காசு பிடிக்கக் கூடாதுன்னு வாசல்ல உட்கார்ந்து வாங்கினது," என்றார். சொல்லிவிட்டுப் பக்கத்தில் இருந்த தங்கையையும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

"அதாங்க பிரச்சினை. இவங்க வீட்டுக்காரரே வரி போக மீதிச் சம்பளத்துல பிரீமியம் கட்டியிருந்தா, இப்ப மாசாமாசம் வர்ற தொகைக்கு வரி கிடையாது. கம்பெனி கட்டினதால அது சம்பளக் கணக்குல வருது. முழுசுக்கும் வரி உண்டு. காப்பீட்டுக்காரங்க வரி பிடிக்காமலே கொடுத்துட்டாங்க. போன வருஷத்துக்கும் சேர்த்துக் கட்டணும்."

"படுத்துக் கிடக்கிறவருக்குச் சம்பளமா சார்?" என்றாள் தங்கை.

"வரிச் சட்டத்துக்கு அதெல்லாம் தெரியாதும்மா."

அந்த ஒப்பந்தம் கையெழுத்தான அன்று தொழிலாளிகள் செயலாளரைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆலையைச் சுற்றினார்கள். முன்னால் நின்று தூக்கியவர் ஃபிட்டர் மாப்பிள்ளை, தங்கையின் கணவர். போன வருஷம் உலைக்கு மேலே இருக்கும் நடைமேடையில் வால்வு மாற்றும்போது கைப்பிடிக் கம்பி பெயர்ந்து கீழே விழுந்தார். கழுத்துக்குக் கீழே அசைவில்லை.

வந்துகொண்டிருந்த தொகையில் பாதி வாடகைக்குப் போனது. மீதி, பகலில் மாப்பிள்ளையைப் புரட்டிப் போட்டு, துடைத்து, ஊட்டிவிடும் ஆளின் கூலிக்கு. அந்த ஆள் இருப்பதால்தான் தங்கை ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவுக்கு வேலைக்குப் போக முடிந்தது. இனி வரி போனால் ஆளுக்குக் கூலி இல்லை. ஆள் நின்றால் தங்கை வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீடு போய்விடும். மிச்சம் இருந்தது ஊருக்கு வெளியே, படுக்கையில் கிடப்பவர்களுக்கான அரசாங்க இல்லம். அங்கே காசு கேட்க மாட்டார்கள். மாப்பிள்ளை முன்பு ஒரு தடவை அங்கே குழாய் சரிசெய்யப் போய்விட்டு வந்து, அங்கே கண்டதை நினைத்துச் சரியாகச் சாப்பிடாமல் கிடந்தவர்.

"நான் தர்றேன்," என்றார் செயலாளர், தெருவில் இறங்கியதும்.

"வேண்டாம்ணே. அண்ணி பாத்திரத்தை உருட்டுற சத்தம் இப்பவே எனக்குக் கேக்குது."

அவருக்கும் அது கேட்டது.

அந்த வாரமே கேன்டீனில் கூட்டம் போட்டார். பிரீமியத்தை இனி நம் சம்பளத்திலிருந்தே பிடிக்கச் சொல்லலாம் என்றார். பிடித்தம் மாதம் இரண்டு டீ விலை இருக்கும், அவ்வளவுதான். கூட்டம் அவரை வினோதமாகப் பார்த்தது.

"வாங்கிக் கொடுத்ததும் நீங்க, இப்ப திருப்பிக் கொடுக்கச் சொல்றதும் நீங்களா?" என்றார் உலைக்காரர். "சரி, மாத்தினா உங்க மாப்பிள்ளைக்கு வரி நிக்குமா?"

"நிக்காது. அவருக்கு முடிஞ்சது முடிஞ்சதுதான்."

"பின்னே யாருக்கு?"

"இனிமே விழப்போறவங்களுக்கு."

பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, "வாயைக் கழுவுங்கண்ணே," என்றாள். ஆளாளுக்குப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொண்டார்கள். விழுகிறவன் எப்போதும் அடுத்தவன்தானே. மாப்பிள்ளை ஏறிய அதே நடைமேடையில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள்தான், அத்தனை பேரும் வேண்டாம் என்று கை தூக்கினார்கள். செயலாளருக்கு அவர்கள் மேல் கோபம் கோபமாக வந்தது. ஆனால் கை தூக்கக் கற்றுக்கொடுத்ததே அவர்தான். யாரைப் போய்த் திட்டுவது?

நேரே தங்கை வீட்டுக்குப் போனார். மாப்பிள்ளை கட்டிலில் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"என்ன மச்சான் ஆச்சு?"

"தோத்துட்டேன் மாப்ளே."

மாப்பிள்ளை சிரித்தார். "நான் இருந்திருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். அவ எங்க?"

"சமையலறையில."

"கதவைச் சாத்துங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த இல்லத்துல எனக்கு ஒரு இடம் கேளுங்க."

"என்ன பேச்சு இது மாப்ளே?"

"அவ வேலையை விட்டா ரெண்டு பேரும் தெருவுலதான் நிக்கணும். நான் சொன்னா அவ அழுவா, விட மாட்டா. நானே ஆசைப்பட்டுக் கேட்டேன்னு நீங்க சொல்லுங்க. நீங்க பேசினா யாரா இருந்தாலும் நம்புவாங்க மச்சான்."

செயலாளர் மாப்பிள்ளையின் போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். பிறகு சமையலறைக்குப் போனார். இல்லத்துக்கு இப்போது புதுசாக வெள்ளையடித்திருக்கிறார்கள் என்றார். டாக்டர் தினமும் வருகிறார், பேச்சுத்துணைக்கு ஆள் இருக்கிறது, இங்கே நாள் முழுக்கக் கூரையைப் பார்த்து மாப்பிள்ளைக்கு அலுத்துவிட்டது என்றார். வாய் தடுமாறவில்லை. மேடையில்கூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை.

தங்கை ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அவரேவா சொன்னாரு?"

"அவரேதான்."

"பொய் சொல்லலையேண்ணே?"

"உன்கிட்ட சொல்வேனா?"

அவள் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். ஒரு வருஷமாகக் காணாத நிம்மதி அந்த முகத்தில் வந்தது. அதைத்தான் செயலாளரால் நின்று பார்க்க முடியவில்லை.